மூட்டை மாற்றினார்கள், மாத்திரைக்கு யார் பொறுப்பு?

“கூலிக்காரர்கள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. அதனால்தான் ஆபரேஷன் செய்த காலில் இரத்தம் கட்டிக்கொள்கிறது” என்று மெத்தப் படித்த சிலர் பேசுகிறார்கள். குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார்களாம்! கட்டிலில் கிடக்கும் நோயாளிதான் அந்தக் குற்றவாளியாம்!

இந்தப் பேச்சில் உண்மை உண்டா? பார்ப்போம்.

கம்பம் பள்ளத்தாக்கில் மூட்டுத் தேய்ந்து நிற்பவர்கள் யார்? சேற்றில் குனிந்து நாற்று நட்டவர்கள்; விடியுமுன் ஜீப்பில் அடைந்து கம்பம் மெட்டும் போடி மெட்டும் ஏறி, ஏலத்தோட்டத்தில் குந்தியிருந்து காய் எடுத்தவர்கள்; தேனிப் பக்கத்துப் பஞ்சாலைகளில் ஷிப்டு முழுவதும் நின்றே வேலை செய்தவர்கள். உழைத்துத் தேய்ந்த மூட்டு அது!

மூட்டு மாற்றியதோடு வைத்தியம் முடிந்துவிடுவதில்லை. ஆபரேஷனுக்குப் பின் காலின் உள் இரத்தக் குழாயில் இரத்தம் உறையக்கூடும். உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அதைத் தடுக்கத்தான் மாத்திரை, அல்லது வயிற்றுத் தோலில் போடும் ஊசி. ரிவராக்ஸபான் என்ற மாத்திரையானால், முழங்கால் மாற்றியவருக்குச் சுமார் 2 வாரம், இடுப்பு மூட்டு மாற்றியவருக்கு 5 வாரம். ஆஸ்பத்திரியில் இருப்பதோ சில நாட்கள். மீதி நாளெல்லாம் வீட்டில்தான்!

இப்போது கணக்கைப் பாருங்கள். 2018 செப்டம்பரில் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டம், ஆஸ்பத்திரியை விட்டு வந்தபின் 15 நாள் செலவைத்தான் ஏற்பதாகச் சொல்கிறது. இடுப்பு மூட்டு மாற்றியவர் 5 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் மருந்து 30 நாள். திட்டம் ஏற்பது 15 நாள். மீதி 15 நாள் யார் தலையில்? வேலைக்குப் போகாமல், கூலியில்லாமல் கிடக்கும் குடும்பத்தின் தலையில்! அடுப்பில் அரிசியா, கடையில் மாத்திரையா என்ற நிலை வந்தால், மாத்திரை நிற்கிறது. இது அறியாமையா? இல்லை, தோழர்களே! இது வறுமை!

“சர்க்காரால் முடியாது” என்பார்கள். முடியாதா? முழங்காலுக்குள் வைக்கும் கோபால்ட் குரோமியம் மூட்டு சராசரியாக 1,58,324 ரூபாய்க்கு விற்றது. 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு போட்டதும் விலை 54,720 ரூபாய்க்கு இறங்கியது. கம்பெனிகள் முணுமுணுத்தன, மூட்டு கிடைக்காமல் போய்விடவில்லை. மூட்டின் விலையில் கை வைக்க முடிந்த சர்க்காருக்கு, மருந்தை முழுதாகக் கொடுக்க மட்டும் முடியாதா?

ஆளில்லையா? 2021 ஆகஸ்டு முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அதே கைகள் இந்த மாத்திரையையும் கொண்டுவரக் கூடாதா? கூடலூரில் இருப்பவர் ஒரு சந்தேகம் கேட்பதற்குக் கூடத் தேனியையும் தாண்டி, க.விலக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிவரை தையல் காயாத காலோடு பஸ் ஏற வேண்டுமா?

கூலி விஷயத்தைப் பாருங்கள். இ.எஸ்.ஐ.யில் பதிவான பஞ்சாலைத் தொழிலாளிக்கு நோய்க்கால உதவியாக 70 சதக் கூலி, ஆண்டில் 91 நாள்வரை உண்டு. போராடிப் பெற்ற உரிமை அது. பதிவில்லாத காண்டிராக்ட் தொழிலாளிக்கு? விவசாயக் கூலிக்கு? அந்த உதவி கிடைப்பதில்லை!

கோரிக்கை வெல்லும்வரை உயிரைக் காப்பதும் நம் கடமை. மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது. வலிக்கென்று கடையில் கேட்டு வேறு மாத்திரை வாங்கிச் சாப்பிடக் கூடாது, இரத்தப்போக்கு வரும். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் எண்ணெய் போட்டு நீவாதீர்கள். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மலம் கருப்பாகப் போனாலோ, ஒரு நிமிஷமும் தாமதியாமல் 108-ஐ அழையுங்கள்!

நாம் கேட்பது என்ன?

ஆஸ்பத்திரியை விட்டு அனுப்பும்போதே முழு நாளுக்கும் உரிய மருந்தை இலவசமாகக் கையில் கொடு!

காலைப் பார்க்கவும் ஊசி போடவும் கிராம நர்ஸை வீட்டுக்கு அனுப்பு! அந்த வேலைக்கு உரிய சம்பளத்தையும் கொடு!

படுத்திருக்கும் நாளுக்கு விவசாயத் தொழிலாளிக்கும் கூலி இழப்பீடு கொடு!

இது பிச்சையல்ல. பள்ளத்தாக்கின் நெல்லும் திராட்சையும் ஏலமும் நூலும் நம் மூட்டுத் தேய்ந்து விளைந்தவை. ஊர்தோறும் கையெழுத்துத் திரட்டி, கலெக்டரிடம் மகஜர் கொடுப்போம். ஆலைத் தொழிலாளியும் வயல் தொழிலாளியும் சேர்ந்து நின்றால், இந்த 15 நாள் ஓட்டையை அடைக்க வைக்க முடியாதா? முடியும்!