சிங்கப்பூர் லெப்டொப்பும் கம்பளிப் போர்வையும்

ஹட்டன் பக்கமிருந்து ஒரு தாய் கடிதம் எழுதியிருக்கிறார். "டீச்சர், சிங்கப்பூரில் வீட்டு வேலை செய்யும் என் மூத்தவள் லீவில் வந்தபோது, உயர்தரம் படிக்கும் தம்பிக்கு ஒரு லெப்டொப் கொண்டுவந்தாள். பார்க்கப் புதுசு மாதிரி இருக்கிறது. வயரைக் கழற்றினால் அரை மணித்தியாலம்கூட நிற்பதில்லை. பிள்ளையை ஏமாற்றிவிட்டார்களா?"

அக்கா, எடுத்த எடுப்பிலேயே ஏமாற்று என்று சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தால் அங்குள்ள நம் பிள்ளைகள் லிட்டில் இந்தியாவுக்கு, சிரங்கூன் ரோட்டுக்குப் போவார்கள். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் சிம் லிம் ஸ்குவேர் என்ற மாடிக் கட்டடம் இருக்கிறது. கொம்பியூட்டர் சாமான்களுக்கே பேர்போன இடம். பாவித்த லெப்டொப்பும் கிடைக்கும். பாவித்ததென்று விற்பனைக்கு வருபவற்றில் கந்தோர்களில் கழித்தவை நிறைய. கந்தோர் மேசையில் இருந்ததற்குக் கீறல் விழாது. ஆனால் காலை முதல் மாலை வரை வயரிலேயே, நூறு சதவீதத்திலேயே, இரண்டு மூன்று வருஷம் இருந்திருக்கும். உடம்பு புதுசு, பற்றரி கிழடு.

பாவிக்காமல் எப்படித் தேயும் என்று கேட்பீர்கள். லெப்டொப்பில் இருப்பது லிதியம் அயன் பற்றரி. 1991-ல் சோனி கம்பனி முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த இனம். இதற்கு வழி கண்ட மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களில் ஜோன் குடினஃப் என்பவருக்கு அப்போது 97 வயது! பென்ஷனுக்கு நாள் எண்ணும் எங்கள் ஆசிரியர் அறையில் இதைச் சொன்னேன், யாரும் ரசிக்கவில்லை.

சார்ஜ் ஏறும்போது பற்றரிக்குள் லிதியம் ஒரு கரித் தட்டுக்குப் போய்ச் சேரும். பாவிக்கும்போது மறு தட்டுக்குத் திரும்பும். இந்தப் போக்குவரத்தில் கரித் தட்டின்மேல் மெல்லிய படலம் ஒன்று படிகிறது, கேத்தலின் அடியில் காறை படிவதுபோல. படலம் தடிக்கத் தடிக்க லிதியம் அதற்குள் சிக்கிக்கொள்ளும், திரும்பி வராது. சும்மா வைத்திருந்தாலும் படலம் வளரும். அதை வேகமாக வளர்ப்பவை இரண்டு: சூடும், எந்நேரமும் நூறிலேயே நிற்பதும். 25 பாகைச் சூட்டில், நாற்பது சதவீத சார்ஜில் ஒரு வருஷம் வைத்த பற்றரியில் சுமார் 96 சதவீத சக்தி மிஞ்சும். நூறு சதவீத சார்ஜில், 40 பாகையில் வைத்தால் சுமார் 65 தான்.

இந்த விஷயத்தில் மலையகத்தார் அதிர்ஷ்டசாலிகள். சிங்கப்பூரில் வருஷம் முழுக்கப் பகலில் 31, 32 பாகை. நமது நுவரெலியாக் குளிர் பற்றரிக்கு நல்லது. ஆனால் அந்த அதிர்ஷ்டத்தை நாமே கம்பளி போட்டு மூடுகிறோம். குளிருக்கு முடங்கிய பிள்ளை, கட்டிலில் கம்பளியின்மேல் லெப்டொப்பை வைத்துப் படிக்கிறது. அடியில் உள்ள காற்றுத் துவாரம் அடைபட்டு, உள்ளே அடுப்பாகிவிடும். ஒரு பலகைத் துண்டை, வேண்டாம், பெரிய அட்டைக் கொப்பியையாவது அடியில் வையுங்கள். இன்னும் சில வீடுகளில் பத்திரம் என்று தகரக் கூரைக்குக் கீழே உயரத் தட்டில் ஏற்றிவிடுகிறார்கள். மத்தியான வெயிலில் அங்கே கை வைத்துப் பாருங்கள், தெரியும். அடுப்படிச் சுவரும் ஆகாது.

சார்ஜ் போடுவதில் பழைய நம்பிக்கைகள் இன்னும் போகவில்லை. முழுதாக இறங்கிய பிறகுதான் ஏற்ற வேண்டும் என்பது பழைய நிக்கல் கட்மியம் பற்றரிக்குச் சொன்னது. லிதியத்துக்கு அடிக்கடி அடிமட்டம் வரை இறங்குவது நல்லதல்ல. இருபதுக்கு வரும்போது போட்டு, எண்பதில் கழற்றினால் நெடுநாள் உழைக்கும். லெனோவோ, ஏசுஸ், டெல் போன்ற பல லெப்டொப்களில் எண்பதோடு நிறுத்தும் வசதியே உண்டு, பிள்ளையிடம் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளி விடுமுறையில் மாதக்கணக்கில் மூடி வைப்பதானால் பாதி சார்ஜில் வையுங்கள்.

அதற்காக எண்பதைத் தாண்டினால் பாவம் என்று நினைக்க வேண்டாம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். 2025 பெப்ரவரி 9-ல் நாடு முழுக்க ஒரேயடியாக இருண்டது. நாளை கரண்ட் இராது என்று தெரிந்தால் இன்றிரவு நூறு வரை ஏற்றுங்கள். பரீட்சைக்கு முந்திய இரவில் பற்றரியைவிடப் பாடம்தான் பெரிது.

அக்கா, உங்கள் வீட்டு லெப்டொப்பின் அடியில் உள்ள மாடல் இலக்கத்தை டவுன் கடையில் காட்டி, அதற்குரிய பற்றரி என்ன விலை என்று கேளுங்கள். தேய்ந்த பற்றரியை எந்தப் பராமரிப்பும் பழையபடி ஆக்காது. "குளிர்ப்பெட்டியில் வைத்தால் சரியாகும்" என்பவர்களை நம்பாதீர்கள்.

இனிமேல் வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கடைக்காரரிடம் "பற்றரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டுங்கள்" என்று கேட்கலாம், விண்டோஸில் அந்த வசதி இருக்கிறது. அதில் 'டிசைன் கெப்பாசிட்டி' என்பது பிறந்தபோது இருந்த பலம், 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' என்பது இன்றைய பலம். முன்னது 50,000, பின்னது 40,000 என்றால் எண்பது சதவீதம், தாராளமாக வாங்கலாம். 25,000 என்றால் புதுப் பற்றரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள். காட்ட மறுக்கும் கடையில் எதற்கு நிற்பது? பக்கத்திலேயே வேறு கடைகள் இருக்கின்றன.

வாங்கியபின் சாங்கி விமான நிலையம். அங்கே பெட்டி கட்டும்போது பலர் தடுமாறுகிறார்கள். தனியாக வாங்கிய பற்றரியும் பவர் பேங்கும் எடைபோட்டு அனுப்பும் பெட்டிக்குள் போகவே கூடாது, கைப்பையில்தான் வரவேண்டும். லெப்டொப்பும் கைப்பையில் வருவதே நல்லது. தீப்பிடித்தால் பயணிகள் பகுதியில் உடனே கண்டு அணைக்கலாம், சாமான் அறையில் யார் பார்ப்பது? பற்றரியின் அளவு 100 வாட் அவருக்குள் இருக்கவேண்டும். வோல்ட்டையும் அம்பியர் அவரையும் பெருக்கினால் வரும் கணக்கு அது. 11.4 வோல்ட், 4 அம்பியர் அவர் என்றால் 45.6. லெப்டொப் பற்றரிகள் அநேகமாக எல்லைக்குள்ளேயே அடங்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 2025 ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது பவர் பேங்கைப் பாவிக்கவோ சார்ஜ் பண்ணவோ விடுவதில்லை.

பற்றரி உப்பி, லெப்டொப்பின் அடிப்பக்கம் புடைத்திருந்தால் மட்டும் எந்தக் கணக்கும் வேண்டாம். உடனே நிறுத்தி வயரைக் கழற்றுங்கள். அமுக்கவோ குத்தவோ கூடாது, சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. அடுப்பிலோ தோட்டத்துக் குப்பைக் குழியிலோ போடாமல், கழற்றத் தெரிந்த கடைக்காரரிடம் ஒப்படையுங்கள். சிங்கப்பூரில் 2021 ஜூலையிலிருந்து மின்கழிவு சேகரிக்கச் சட்டமே இருக்கிறது, அதற்கென்று பெட்டிகளும் வைத்திருக்கிறார்கள். அங்கேயே பற்றரி மாற்றும் பிள்ளைகள் பழையதை ஊருக்குத் தூக்கி வராமல் அங்கேயே ஒப்படைத்துவிட்டு வரட்டும்.