மண் நமதல்ல, விதையாவது நமதாகட்டும்

கேரளத்துக்குப் பிழைக்க வந்த தமிழர் பலருக்கு இங்கே சொந்த மண் கிடையாது. மூணாறு, பீருமேடு தோட்டங்களில் லயத்து வீடு கம்பெனியுடையது. ஓய்வு பெற்றால் காலி செய்தாக வேண்டும். பாலக்காட்டில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருப்பவருக்கோ மாற்றல் உத்தரவு வரும் வரைதான் அந்தக் கொல்லை. ஆனாலும் நாலு பீன்ஸ் கொடியோ, இரண்டு கத்தரிச் செடியோ போடாமல் நம்மவர் இருப்பதில்லை. இடத்தை விட்டுப் போகும்போது அந்தத் தோட்டத்திலிருந்து கையோடு கொண்டு போகக்கூடியது விதை ஒன்றுதான். அதைக் காத்து வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் அருகி வருவது கவலைக்குரியது.

முன்பெல்லாம் அடுப்புக்கு மேலே முற்றிய பீர்க்கங்காயும் சோளக்கதிரும் தொங்கும். பூசணி விதையைச் சாணத்தில் பதித்துச் சுவரில் தட்டி வைப்பார்கள். கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டிச் சுரைக்குடுக்கையில் அடைப்பார்கள். புகை பூச்சியை விரட்டியது. அடுப்பின் சூடு ஈரத்தை வாங்கியது. இன்று விறகடுப்பு போய் காஸ் வந்துவிட்டது. பெண்களின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் அது நல்லதே. ஆனால் புகையோடு விதையும் போய்விடலாமா?

விதைக்கு முதல் எதிரி ஈரம், அடுத்தது வெப்பம். விதையின் ஈரம் நூற்றுக்கு ஒரு பங்கு குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது ஹாரிங்டன் என்ற விஞ்ஞானி வகுத்த கணக்கு. டில்லியிலுள்ள தேசிய மரபணு வங்கியில் விதையை நன்கு உலர்த்தி, காற்றுப் புகாத உறையிலிட்டு, பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி குளிரில் வைக்கிறார்கள்.

நமக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் கம்பத்தில் சும்மா கிடந்தாலும் பிழைக்கும் விதை, இடுக்கி மலையேறி வந்தால் ஒரே மழைக்காலத்தில் பூசணம் பிடித்துவிடும். எனவே ஜூன் மழைக்கு முன்பே வேலையை முடிக்க வேண்டும். நன்றாக முற்றிய காயின் விதையை நிழலிலும் காலை வெயிலிலும் உலர்த்துங்கள். கடித்தால் பல் பதியக் கூடாது. நறுக்கென்று உடைய வேண்டும். இறுக மூடும் டப்பாவில், வறுத்து ஆறவைத்த ஒரு பிடி அரிசியைத் துணியில் முடிந்து உடன் போடுங்கள். ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் அடிக்கடி திறக்காதீர்கள். கத்தரி, தக்காளி விதை மூன்று ஆண்டு தாங்கும். வெங்காய விதையை ஓராண்டுக்கு மேல் நம்பக் கூடாது.

கடையில் பாக்கெட் விதை கிடைக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று கேட்கலாம். ஹைபிரிட் விதையில் விளைந்த காயிலிருந்து விதை எடுத்தால், அடுத்த பயிர் அதேபோல் வருவதில்லை. ஒவ்வொரு பட்டத்துக்கும் காசு கொடுத்தாக வேண்டும். நாட்டு விதைக்கு அந்தக் கட்டாயமில்லை. விதையைச் சேமிக்கவும், திரும்ப விதைக்கவும், பிறருக்குக் கொடுக்கவும் விவசாயிக்குள்ள உரிமையை 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டமே உறுதி செய்திருக்கிறது.

சட்டம் கொடுத்த உரிமையைச் சோம்பலால் இழப்பது நியாயமல்ல. ஒவ்வொரு லயத்திலும் நாலு வீடு சேர்ந்து, ஆளுக்கு ஒரு காயின் விதையைக் காத்து மாற்றிக்கொண்டாலே போதும். வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் நாம் வெறுங்கையோடு போக வேண்டியதில்லை.