சிறு நீர்மின் நிலையம்: சிறுமை எதற்கு உரியது?

‘சிறு நீர்மின் நிலையம்’ என்னுந் தொடர் இக்காலத்துப் பத்திரிகைகளிலும் அரச அறிக்கைகளிலும் பெருக வழங்குகின்றது. இத்தொடரிலுள்ள ‘சிறு’ என்னும் அடை எதனைச் சிறப்பிக்கின்றது என்பதைத் தமிழ் கற்போரும் கற்பிப்போரும் சற்றே ஆராய்தல் தகும். நம் நாட்டு வழக்கில், வலு 10 மெகாவாற்றுக்கு மேற்படாத நிலையமே சிறியதெனப்படும். ஆகவே சிறுமை மின்னுக்கு உரியது. நீருக்கோ, நிலத்துக்கோ, அவ்விரண்டையும் நம்பி வாழ்வார்க்கோ உரியதன்று. இவ்வொரு சொல்லின் மயக்கத்தால், ஆராயப்பட வேண்டுவன பல ஆராயப்படாமற் போகின்றன என்பது என் கருத்து.

மலைவீழ் நீரினின்று மின் பெறும் முயற்சி நமக்குப் புதியதன்று. முற்காலத்தே தேயிலைத் தோட்டங்கள் பல, தம் தொழிற்சாலைப் பொறிகளை ஓடைநீரின் வலுவால் இயக்கின. பொறியியலறிஞர் டி. ஜே. விமலசுரேந்திரா 1918இல் இந்நாட்டு நீர்மின்னின் பயனை விரித்துரைத்தார். அவர் கண்ட கனவு 1950இல் லக்சபானாவில் நனவாயிற்று. மின்சார சபையின் கம்பிகள் மலையெங்கும் பரவியபின் தோட்டத்துச் சிறு பொறிகள் பல கைவிடப்பட்டன. 1990களின் பிற்பகுதி தொடக்கம் தனியார் சிறு நிலையங்களை அமைத்து, இலங்கை மின்சார சபைக்கு மின் விற்கலாயினர். இன்று அத்தகையன 200க்கு மேல் உள; அவற்றின் மொத்த வலு ஏறத்தாழ 400 மெகாவாற்று. 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்னிழந்து தவித்த நாடு, 2030ஆம் ஆண்டளவில் தன் மின்னில் நூற்றுக்கு 70 பங்கைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களினின்று பெற விழையும் நாடு, இவற்றை வேண்டாவென ஒதுக்குதல் இயலாது. எண்ணெயும் நிலக்கரியும் எரியாமல், பெருநீர்த்தேக்கத்தால் ஊரை மூழ்கடியாமல் மின் தருவன என்னும் புகழும் இவற்றுக்கு நியாயமாகவே உண்டு.

ஆயின், ஓடையில் நிகழ்வது யாது? ஓடைக்குக் குறுக்கே தாழ்ந்த அணையொன்று எழும்பும். அங்கிருந்து நீர் மலைச்சரிவை ஒட்டிய வாய்க்கால் வழியே ஒரு தொட்டியை அடைந்து, பெருங்குழாயிற் கீழிறங்கி, சுழலியைச் சுழற்றி, மீண்டும் ஓடையிற் சேரும். “எடுத்த நீர் முழுவதும் திருப்பிக் கொடுக்கப்படுகின்றதே” என்பர். உண்மையே, ஆனால், எடுத்த இடத்திற் கொடுக்கப்படுவதில்லை. கணக்கொன்று காண்போம். 100 மீற்றர் வீழ்ச்சியில் 1 மெகாவாற்று பெறுவதற்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 1,250 லீற்றர் நீர் வேண்டும். பத்து மீற்றருக்கு ஒரு மீற்றர் தாழும் ஓடையாயின், அவ்வீழ்ச்சியைப் பெற ஏறத்தாழ 1 கிலோமீற்றர் தூரம் நீரை அதன் படுக்கையினின்று விலக்கல் வேண்டும். மாரிகாலத்தில் இக்குறை தோன்றாது. அணைக்கு மேலாகவும் நீர் வழிந்தோடும். வரட்சியில் நீர் முழுவதும் வாய்க்காலிற் புகுமாயின், அவ்வொரு கிலோமீற்றரும் வெறுங் கல்லாய்க் கிடக்கும். அணைக்கும் மின்னிலையத்துக்கும் இடைப்பட்ட இவ்வறண்ட பகுதியே மதிப்பீட்டின் முதற்பொருள். மெகாவாற்றுக் கணக்கோ இதனை அளப்பதில்லை.

அப்பகுதியில் வாழ்வன எவை? நம் ஈரவலயத்து ஓடைகளில், உலகில் வேறெங்குங் காணப்பெறாத நன்னீர் மீனினங்கள் பல உள. மேலுங் கீழும் சென்று இனம்பெருக்கும் மீனுக்கு இரண்டு மீற்றர் அணையும் பெருமதிலேயாம். விரைந்தோடும் நீரிலே பாறையைப் பற்றி வளருஞ் செடிகளுக்கு ஓட்டமே உயிர். மக்களை நோக்கின், ஒரு புறம் அணைகட்டி வயலுக்கு நீர் பாய்ச்சுஞ் சிங்கள உழவர். மறுபுறம் குளிக்கவும் துவைக்கவும் ஓடையையும், குடிக்கப் பீலியையும் நம்பியிருக்குந் தோட்டத் தொழிலாளர். சரிவை வெட்டி வாய்க்கால் அமைக்குமிடத்து ஊற்றின் தடம் மாறுமாயின் பீலி வறளும். 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி மீரியபெத்தையில் மண்சரிந்து லயன்கள் புதையுண்டதற்கு நீர்மின் காரணமன்று. எனினும், அத்தகைய மலைச்சரிவில் மண்வெட்டி விழுமுன் எத்துணைக் கவனம் வேண்டுமென்பதை அத்துயரம் உணர்த்தும்.

இனிச் சட்டத்தை நோக்குவோம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோது, குறித்த திட்டங்களுக்குச் சுற்றாடல் மதிப்பீடு கட்டாயமாயிற்று. 1993இல் வெளியான வர்த்தமானி, 50 மெகாவாற்றுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையங்களை அப்பட்டியலிற் சேர்த்தது. சிறியவை காட்டெல்லை முதலிய இடங்களில் அமையும்போதே அதனுள் அடங்கின. அவற்றுக்கும் பெரும்பாலும் ஆரம்பப் பரிசோதனையே போதுமெனப்பட்டது. அவ்வறிக்கையைப் பொதுமக்கள் கருத்துரைக்க 30 நாள் திறந்துவைக்கும் கடப்பாட்டை 2000ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது. 2012இல் தொழிற்படத் தொடங்கிய 150 மெகாவாற்று மேல் கொத்மலைத் திட்டத்தைப் பற்றிப் பல்லாண்டு வாதம் நிகழ்ந்தது. அதன் பயனாகச் சென்கிளேயர் அருவிக்குப் பகல் வேளையில் நீர் விடவேண்டுமென்னும் நிபந்தனையேனும் பிறந்தது. பெயரில்லாச் சிற்றோடைக்கு வாதாடுவார் யார்? மேலும், ஓராற்றின் கிளைகளிற் பல நிலையங்கள் அடுத்தடுத்து அமையுமிடத்து, தனித்தனியே நோக்கின் ஒவ்வொன்றும் சிறிதே. கூட்டி நோக்கின் ஆறே துண்டுபட்டு நிற்கும்.

சிற்றூர்கள் சில முன்னர்த் தமக்கென அமைத்த நிலையங்கள் இவ்விடத்து நினைக்கத்தக்கன. சில கிலோவாற்று மின்னே அவை தந்தன. ஊர்ச்சங்கமே அவற்றை நடத்தியது. நீரை இழப்பாரும் ஒளியைப் பெறுவாரும் அங்கு ஒருவரேயாதலால், எவ்வேளை நீரை மறிப்பது, எவ்வேளை விடுவது என்பதை அவர்களே முடிவுசெய்தனர். விற்பனைக்கு மின் பிறப்பிக்கும் நிலையத்தில் அந்நிலை இல்லை. மின் நாடெங்குஞ் செல்லும். வருவாய் உரிமையாளரைச் சேரும். ஓடை மட்டும் அயலாருக்குக் குறையும். இழப்பாரும் பெறுவாரும் வேறாகுமிடத்து, நடுநின்று பேசவேண்டியது மதிப்பீடே. அது வெறுஞ் சடங்காகுமாயின் பேசுவார் ஒருவருமிலர்.

ஆதலின் நான்கு வேண்டப்படும். மழைமாதத்து நீரையன்றி, வரண்ட மாதத்து நீரைப் பல ஆண்டுகள் அளந்து, ஓடைக்கென விடப்படும் அளவைச் செக்கனுக்கு இத்தனை லீற்றர் என எழுதுதல் ஒன்று. ஓராற்றின் நிலையங்களனைத்தையும் ஒருங்கே ஆராய்தல் இரண்டு. அணையருகே யாவருங் காண அளவுகோல் நாட்டி, விடப்படும் நீரை எவரும் சரிபார்க்க வகைசெய்தல் மூன்று. ஓடைக்கரையில் வாழ்வார்க்கு அறிக்கையை அவர்தம் மொழியிற் கொடுத்து, அவர் கூறுவதைப் பதிதல் நான்கு. ஒரு பெண் குடத்துடன் எத்துணைத் தூரம் நடக்கின்றாள் என்பது எந்தப் பொறியிலும் பதியாது. அவளைக் கேட்டே அறிதல் வேண்டும்.

இறுதியாக, மலைநாட்டு ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடசாலைக்கு அண்மையில் ஓடும் நீரை மாணாக்கர் மாதந்தோறும் அளந்து எழுதிவைக்கட்டும். மிதக்கும் இலையொன்றும் கடிகாரமும் அளவுநாடாவும் இருப்பின், ஓடையின் அகலமும் ஆழமும் வேகமுங் கண்டு நீரின் அளவை ஓரளவு கணித்துவிடலாம். ஐந்தாண்டுக் கணக்கொன்று ஊரார் கையில் இருக்குமாயின், நாளை அணைகட்ட வருவார் ‘இது சிற்றோடை, இது சிறு திட்டம்’ என்று கூறும்போது, எது சிறிது, எத்துணைச் சிறிது என்று அவர்கள் எண்ணாலே விடையிறுக்கலாம்.