செத்த மொழி சொன்ன மழை

"ஃபோர்ட்ரானா? அது செத்துப்போன மொழி தம்பி. பைத்தான் படி, வேலையாவது கிடைக்கும்." கல்லூரியில் எனக்கு இதைச் சொன்னவர் நல்ல மனிதர், பெயர் வேண்டாம். வேலை பற்றி அவர் சொன்னது சரி. சாவு பற்றிச் சொன்னது தப்பு.

2025 ஏப்ரல் 25 அன்று ஜிசிசி 15.1 வெளிவந்தது. நாம் எழுதுவதை இயந்திரக் கட்டளையாக மாற்றும் இலவசக் கம்பைலர்களின் தொகுப்பு அது. ஜிஃபோர்ட்ரானும் அதற்குள்தான் இருக்கிறது. இந்த முறை குறியில்லா முழு எண்கள் சோதனை நிலையில் சேர்ந்திருக்கின்றன. மாட்யூல் கோப்பின் வடிவம் மாறியிருக்கிறது. ஆனாலும் 8 முதல் 14 வரையிலான பதிப்புகள் எழுதிய பழைய கோப்புகளைப் புதியது படிக்கும். 1957இல் ஐபிஎம் 704க்காகப் பிறந்த மொழிக்கு இன்னும் இவ்வளவு கவனிப்பு. என் டைம்லைனில் இதைப் பற்றி ஒரு ஈ, காக்கா பேசவில்லை.

எனக்கு ஏன் இந்தக் கோபம்? நான் செல்லிப்பட்டுக்காரன். எங்களுக்குச் சங்கராபரணிதான் ஆறு. பிரெஞ்சுக்காரர் காலத்துப் படுகை அணை 2021 வெள்ளத்தில் உடைந்ததைப் பார்த்த ஊர். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்றது. ஒரே நாளில் புதுச்சேரியில் 46 செ.மீ.க்கு மேல் மழை. எச்சரிக்கையில் 'அதிகனமழை' என்றிருந்தது. அந்தச் சொல்லுக்கு 20 செ.மீ.க்கு மேல் என்று பொருள். 25உம் அதில் அடங்கும், 46உம் அடங்கும். அப்பாவுக்கு அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நெல் இருக்கிறது.

அந்த இடைவெளியைக் குறைக்கும் வேலை நடப்பது ஃபோர்ட்ரானில். உலகெங்கும் பயன்படும் டபிள்யூஆர்எஃப் வானிலை மாதிரி பெரும்பாலும் ஃபோர்ட்ரான்தான். 2025 மே மாதம் அறிமுகமான பாரத் முன்னறிவிப்பு அமைப்பு 12 கி.மீ. கட்டத்தை 6 கி.மீ. ஆக்கியது. அந்த வகை மாதிரிகளும் இந்த மொழியில் வளர்ந்தவையே.

"இப்பதான் ஏஐ வந்துடுச்சே ப்ரோ" என்பீர்கள். வந்துவிட்டது, நன்றாகவும் கணிக்கிறது. ஆனால் கிராஃப்காஸ்ட் எதைப் படித்துத் தேறியது? ஐரோப்பிய மையத்தின் இஆர்ஏ5 தரவை. அந்தத் தரவை உருவாக்கிய மாதிரி எதில் எழுதப்பட்டது? ஃபோர்ட்ரானில். கிணற்றை மூடிவிட்டுக் குழாயைப் புகழ்கிறோம்.

எதிர்த் தரப்பிலும் நியாயம் உண்டு. சைபையில் இருந்த பழைய ஃபோர்ட்ரானைப் பராமரிக்க ஆளில்லாமல்தான் சி மொழிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய சூப்பர் கம்ப்யூட்டர்களில் நிறுவனங்களின் சொந்தக் கம்பைலர்களே அதிகம் ஓடுகின்றன. ஆனால் ஒரு மாணவி காசில்லாமல், பழைய லேப்டாப்பில், டபிள்யூஆர்எஃப்-ஐ இறக்கி ஓட்டிப் பார்க்க நினைத்தால் அவளுக்குக் கைகொடுப்பது ஜிஃபோர்ட்ரான். அதைப் பராமரிப்பவர்களில் பெரும்பாலானோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அணையும் கம்பைலரும் இந்த விஷயத்தில் ஒரே சாதி. உடையும்வரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நம்மிடம் ஆளில்லாமலா? 1963இல் கான்பூர் ஐஐடிக்கு ஐபிஎம் 1620 வந்தபோதே இங்கே ஃபோர்ட்ரான் வந்துவிட்டது. ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமனின் மலிவு விலைப் பாடநூல்களில் தலைமுறைகள் அதைக் கற்றன. கற்று என்ன செய்தோம்? தேர்வு எழுதினோம். பாடத்திட்டம் மாறியதும் மறந்தோம். கம்பைலரின் உள்ளே கைவைக்கலாம் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. 'ஐடி வல்லரசு' என்று மார்தட்டும்போது எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

ஜிசிசியின் பிழைப் பட்டியல் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. கம்பைலரைத் தடுமாற வைக்கும் ஆயிரம் வரி நிரலைப் பத்து வரியாகச் சுருக்கிக் கொடுத்தாலே பெரிய உதவி. அதற்கு ஐஐடி வேண்டாம், பொறுமை போதும். போன வாரம் வீட்டிலேயே 15.1ஐக் கட்டி முடித்தேன். நடுவில் ஒருமுறை கரன்ட் போனது. "இவ்ளோ நேரம் என்னடா ஓடுது?" என்றார் அப்பா. மழைக் கணக்குக்கான சாமான் என்றேன். "அப்போ நிறுத்தாத" என்று சொல்லிவிட்டு மடை பார்க்கப் போனார்.