பாதி விலை ‘ஒரிஜினல்’

‘மாஸ்டர் கொப்பி’ என்று வெளிப்படையாகச் சொல்லிச் சப்பாத்து விற்கிற இன்ஸ்டகிராம் பக்கங்களை விட, பாதி விலைக்கு ‘ஒரிஜினல்’ விற்கிறவர்கள்தான் ஆபத்து. 2,000 ரூபாய்க்கு நைக் என்றால் ஒருத்தரும் நம்பமாட்டோம். 18,000 என்றால் நம்பிடுவோம்.

கேட்டால் ‘எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்’ என்பார்கள். பிராண்ட் உடுப்பு இஞ்ச தைக்கிறதால அந்தச் சொல் எங்களுக்குப் பழக்கம். சப்பாத்துக்கும் அதையே ஒட்டிவிடுகிறார்கள். போலிச் சப்பாத்துக்குப் பேர்போன ஊர் சீனாவின் புத்தியான். அசல் பிராண்டுகளுக்கும் சப்பாத்து செய்து கைதேர்ந்த ஊர் அது. ஆகவே தையலைப் படத்தில் பார்த்தே கண்டுபிடிக்கலாம் என்ற நினைப்பை விடுங்கோ.

காசு போட முதல் இரண்டு படம் கேளுங்கோ: சப்பாத்தின் உள்பக்க லேபிள், பெட்டி லேபிள். நைக் என்றால் இரண்டிலும் ஒரே ஸ்டைல் இலக்கம் இருக்கவேணும். அதைக் கூகுளில் போட்டால் அதே மொடல், அதே நிறம் வரவேணும். பொருந்தினாலும் முழு உறுதியில்லை, லேபிளையும் கொப்பியடிப்பார்கள். பொருந்தாவிட்டால் போலி என்றே எடுங்கோ.

பில்லும் கேளுங்கோ. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977இல் அழைத்து முறையிடுவதென்றால் கையில் காட்ட ஏதாவது வேணுமே. ‘பில் எல்லாம் தாறேல்ல ப்ரோ’ என்று பதில் வந்தால், அந்தப் பக்கத்தை அப்பிடியே மூடிவிடலாம்.