நோட்டீஸில் அடித்த நேரத்துக்குக் கச்சேரி தொடங்கட்டும்

குமரி மாவட்ட மக்களுக்கும் திருவிழாக்களை முன்னின்று நடத்தும் ஊர்க் கமிட்டியாருக்கும்,

சுசீந்திரம் மார்கழித் திருவிழா, நாகராஜா கோயில் தைத் திருவிழா, மண்டைக்காட்டு மாசிக் கொடை, கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா என்று பாட்டு எங்கே உண்டோ அங்கே போய் உட்காருகிற ரசிகர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். பாட்டைப் பற்றி எங்களுக்குக் குறை இல்லை. பாட வருகிறவர்கள் வந்து சேரும் நேரம்தான் எங்களை வதைக்கிறது.

இரவு 7 மணிக்கு இன்னிசைக் கச்சேரி என்று நோட்டீஸ் சொல்கிறது. 8 மணி தாண்டிய பிறகு, பாடகரின் கார் வள்ளியூரைக் கடந்துவிட்டது என்று மைக்கில் அறிவிப்பு வரும். அவர் வந்த பிறகும் பாட்டு வராது. பொன்னாடைகள், நன்கொடையாளர் பட்டியல், சிறப்பு விருந்தினரின் பேச்சு எல்லாம் முடிய வேண்டும். அதற்குள் முன்வரிசைக் குழந்தைகள் உறங்கிப்போகின்றன. தோவாளைப் பூக்காரர்களுக்கு விடியுமுன்பே சந்தை கூடிவிடும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் இருட்டோடு எழுந்து தோட்டத்துக்குப் போக வேண்டும். கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க இவர்கள்தான் முதலில் எழுந்து போகிறார்கள். ஆசையோடு வந்தவர்கள் ஒரு பாட்டுகூடக் கேட்காமல் போவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

இலவசமாகக் கேட்கிறவர்களுக்கு இவ்வளவு கோபம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். எது இலவசம்? ஊர்க் கொடை விழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி கொடுத்தது யார்? பாடகருக்குப் பேசிய தொகையில் பூக்கட்டும் பெண்ணின் பணமும் இருக்கிறது.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. விழாக்களுக்காக நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் முடியாது. 2023 ஏப்ரலில் புனேயில் மணி 10 ஆனதும் போலீஸார் மேடைக்கே வந்து ஏ.ஆர்.ரகுமானின் நிகழ்ச்சியை நிறுத்தச் சொன்னார்கள். அவருக்கே அப்படி என்றால் நம் ஊர் மேடை எம்மாத்திரம்? ஒன்றரை மணி நேரம் பிந்தினால் அந்த ஒன்றரை மணி நேரப் பாட்டு போனது போனதுதான். கர்நாடகக் கச்சேரியாக இருந்தால் முதலில் வெட்டுப்படுவது தனி ஆவர்த்தனம். மிருதங்கக்காரர் நேரத்துக்கு வந்து காத்திருந்ததற்கு அதுதான் பலன்.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத்துக்காக இரவெல்லாம் காத்துக் கிடந்த கதைகளைப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த அன்பை நாங்கள் வணங்குகிறோம். ஆனால் அன்று விடிய விடிய வாசிக்கலாம். தடுக்க ஒலிபெருக்கி விதி இல்லை. இன்று அந்த விடியல் நமக்குக் கிடையாது.

நேரம் தவறாமை நமக்குப் புதிதும் அல்ல. கொடைக்கு வில்லுப்பாட்டு பாட வரும் புலவரைப் பாருங்கள். கதையை எங்கே நீட்டுவது, எங்கே சுருக்குவது என்று பூஜை நேரத்தைக் கணக்கிட்டே அவர் பாடுவார். சாமியாடி மேல் தெய்வம் இறங்கும் வேளைக்கு வரத்துப்பாட்டு வந்தாக வேண்டும். அவர் பிந்தினால் கொடையே நின்றுபோகும். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும், குமாரகோயில் முருகனும் திருவனந்தபுரம் போகிறார்களே, அங்கே நவராத்திரி மண்டபத்தில் கச்சேரி மாலை 6 மணிக்குத் தொடங்கி 8.30க்கு முடிகிறது. எவ்வளவு பெரிய வித்வானும் அதற்குக் கட்டுப்படுகிறார். நம் மண்ணிலிருந்து போகும் தெய்வத்தின் முன்னால் காக்கும் நேரத்தை நம் ஜனங்களின் முன்னால் காக்கக் கூடாதா?

கலைஞர்களை மட்டும் குற்றம் சொல்ல நாங்கள் வரவில்லை. 2025 மார்ச்சில் மெல்போர்னில் பாடகி நேஹா கக்கர் ஏறத்தாழ 3 மணி நேரம் தாமதமாக மேடையேறி, கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே அழுதார். ஏற்பாட்டாளர்கள் பணம் கொடுக்கவில்லை என்று பிறகு அவர் சொன்னார்; அவர்கள் அதை மறுத்தார்கள். யார் பக்கம் நியாயமோ, காத்திருந்து வதைபட்டவர்கள் ஜனங்கள்தான். இங்கேயும் அதே கதைதான். 9 மணிக்குத்தான் ஆரம்பிக்கும் என்று கமிட்டிக்கும் தெரியும், பாடகருக்கும் தெரியும். வெளியூரிலிருந்து பஸ் ஏறி வருகிற பாட்டிக்கு மட்டும் தெரியாது.

ஆகவே கமிட்டியாரிடம் கேட்டுக்கொள்கிறோம். உண்மையான நேரத்தை நோட்டீஸில் போடுங்கள். பாடகர் எத்தனை மணிக்கு ஊருக்குள் வந்துவிட வேண்டும் என்பதை அட்வான்ஸ் கொடுக்கும்போதே எழுதி வாங்குங்கள். பொன்னாடையும் பேச்சும் கச்சேரி முடிந்த பிறகு இருக்கட்டும். எம்எல்ஏ வரவில்லை என்று பாட்டை நிறுத்தி வைக்காதீர்கள். முக்கியப் பாடகர் பிந்தினால், வந்திருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளைப் பாடவிட்டு, பிந்திய காரணத்தை மைக்கில் மறைக்காமல் சொல்லுங்கள்.

ரசிகர்களே, எப்படியும் ஒன்பதுக்குத்தான் தொடங்குவார்கள் என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். 7 மணி என்றால் 6.45க்கு வந்து உட்காருங்கள். காலி நாற்காலியைக் காட்டித்தான் கச்சேரியைத் தள்ளிப்போடுகிறார்கள். அடுத்த கொடைக்கு வரி பிரிக்க வருகிறவர்களிடம், பணத்தைக் கையில் கொடுக்கும்போதே, கச்சேரி எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
நாஞ்சில் நாட்டு இசை ரசிகர்கள் சிலர்