கேம்ப் எந்தப் பக்கம்?

"கமுந்திங்கா? அந்த கேம்ப் இருக்கிற ஊரா?"

வானொலியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊர்ப் பெயரைச் சொன்னாலே இந்தக் கேள்விதான் வரும். ஏரித் தோட்டம், ஓயாத மழை எல்லாம் பக்கத்துத் தைப்பிங்கின் கணக்கு. எங்கள் பங்குக்கு கேம்ப்.

2008-இல் நான் கல்லூரி மாணவி. விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போதெல்லாம் சாலை முனை ஒட்டுக்கடையில் 'பி' நம்பர் பிளேட் கார்கள் நிற்கும். சிலாங்கூரிலிருந்து வந்தவர்கள். "கேம்ப் எந்தப் பக்கம்ணே?" கடைக்காரர் தே தாரிக்கை இழுத்துக்கொண்டே தலையால் திசை காட்டுவார். அத்தனை தடவை கேட்டாகிவிட்டது அவரிடம்.

அந்தக் கார்களில் சில, கிள்ளான் கோத்தா ஆலம் ஷாவின் சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்க வந்தவை. அவருடைய அப்போதைய முகவரி எங்கள் ஊர்.

2007 நவம்பர் 25 கோலாலம்பூர் ஹிண்ட்ராஃப் பேரணியை மறந்திருக்க மாட்டீர்கள். கண்ணீர்ப்புகை, இரசாயனம் கலந்த நீர். மூன்று வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் 13-இல் உதயகுமார், மனோகரன், கெங்காதரன், கணபதிராவ், வசந்தகுமார் ஐவரும் இசா சட்டத்தில் கைதானார்கள். இரண்டாண்டுத் தடுப்புக் காவல். குற்றப்பத்திரிகை இல்லை, விசாரணை இல்லை. இரண்டாண்டு முடிந்தால் அமைச்சர் மறுபடியும் கையெழுத்துப் போட்டு நீட்டிக்கலாம். அதற்கு உச்சவரம்பும் கிடையாது.

அடுத்த மார்ச் 8-இல் பொதுத்தேர்தல். வழக்கறிஞர் மனோகரன் ஜசெக வேட்பாளராக கோத்தா ஆலம் ஷாவில் நின்றார். உள்ளே இருப்பவர் எப்படி நிற்கலாம் என்று அன்று பலரும் கேட்டார்கள். நம் சட்டப்படி, நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவருக்குத்தான் தகுதி பறிபோகும். இவரை நீதிமன்றத்தில் நிறுத்தவே இல்லையே! விசாரிக்காமல் அடைத்து வைத்ததால் வேட்பாளராகும் தகுதி அப்படியே இருந்தது. இதைச் சட்டம் படித்த ஒரு நண்பர் எனக்கு விளக்கியபோது சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

அவருக்காக மனைவி வாக்குக் கேட்டார். வேட்பாளரின் முகம் சுவரொட்டியில் மட்டும். ஆனாலும் ஏழாயிரத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வெற்றி!

கோத்தா ஆலம் ஷாவில் என் அத்தைக்கும் ஓட்டு உண்டு. "ஜெயிக்க வச்சிட்டீங்க, சாக்கடை அடைச்சா யார்கிட்ட சொல்வீங்க? கமுந்திங்குக்குக் கடிதம் போடுவீங்களா?" என்று அப்பா கிண்டல் செய்தார். "நாங்க சாக்கடைக்கு ஓட்டுப் போடல" என்றார் அத்தை. அதற்கு மேல் அப்பா பேசவில்லை.

நஜிப் பிரதமரானதும் 2009 ஏப்ரலில் இருவரும், மே 9-இல் மனோகரன் உட்பட மற்ற மூவரும் விடுதலையானார்கள். பதினான்கு மாதம் உறுப்பினர் இல்லாமல் இருந்த தொகுதிக்கு ஒருவழியாக ஆள் வந்து சேர்ந்தார்.

வெளியே வந்த பிறகுதான் அவர் பேச வேண்டியிருந்தது. மைக்கில் பிழைப்பவள் என்பதால் இதை அனுதாபத்தோடுதான் சொல்கிறேன்: பேச்சு ஆபத்தான தொழில். நமது ஜாலுர் கெமிலாங் அமெரிக்கக் கொடி மாதிரி இருக்கிறது, ஆட்சிக்கு வந்தால் மாற்றலாம் என்று முகநூலில் எழுதினார். எதிர்க்கட்சிக்காரர் தேசியக் கொடியைத் தொட்டால் சும்மா விடுவார்களா? கொதித்தெழுந்தார்கள். அது தங்கள் நிலைப்பாடு அல்ல என்று சொந்தக் கட்சியே கைவிரித்தது. மன்னிப்புக் கேட்டார். இசாவில் உள்ளே போனவரைச் சுற்றி ஊரே நின்றது. முகநூலில் மாட்டியவருக்கு அப்படி யாரும் வரவில்லை.

2013-இல் கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதிக்குப் போனார். அப்போதைய மஇகா தலைவர் பழனிவேலிடம் 462 வாக்கில் தோல்வி. 2018-இல் மஇகாவின் சிவராஜிடம் 597. இரண்டையும் கூட்டினாலும் 1,059 தான். ஒரு கல்யாண மண்டபத்துக் கூட்டம்! இரண்டாவது தோல்வியை அவர் ஏற்கவில்லை. பூர்வக்குடி மக்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதாக வழக்குப் போட்டார். 2018 நவம்பரில் தேர்தல் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. வழக்கில் அவர் ஜெயித்தது அவர் தொகுதி மாறிய பிறகு நடந்த நல்ல காரியம் என்றே நினைக்கிறேன். ஆனால் 2019 ஜனவரி இடைத்தேர்தலில், அவர் கட்சி மத்தியில் ஆளும் கூட்டணியில் இருந்தும், 3,238 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். வென்றவர் தேசிய முன்னணியின் ரம்லி முகமட் நோர், மக்களவைக்குப் போன முதல் ஒராங் அஸ்லி. அந்த மலையில் அதற்கும் ஓர் அர்த்தம் இருந்தது.

2008 வெற்றி மனோகரன் என்ற தனிமனிதருக்குக் கிடைத்ததா? எனக்குச் சந்தேகம்தான். எங்கள் ஊரில் பூட்டிக் கிடந்த ஒரு கதவுக்கு எதிராக விழுந்த ஓட்டு அது. கதவு திறந்ததும் அந்த ஓட்டின் வேலை முடிந்துவிட்டது. வெளியே வந்தவர் மறுபடியும் முதலிலிருந்து சம்பாதிக்க வேண்டியிருந்தது. இசாவையும் 2012-இல் ரத்து செய்துவிட்டார்கள். அதற்கு அவரும் ஒரு விலை கொடுத்தவர் என்பதைக் கொடி விவகாரத்தை வைத்து அழித்துவிட முடியாது.

2013-இல் கோத்தா ஆலம் ஷாவில் ஜசெக நிறுத்தியவர் கணபதிராவ். அதே ஐவரில் ஒருவர். அவரும் வென்றார். தேர்தல் முடிந்து அத்தையிடம் தொலைபேசியில் பேசும்போது யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன்.

"உங்க ஊர்லேருந்து வந்த பிள்ளைக்குத்தான்" என்றார்.